ஏகாதசியில் அலறிய கம்ப்யூட்டர்

அந்த ஆசிரமத்தில் ஏகாதசி என்றால் யாரும் வாய் திறக்கக் கூடாது. தலை போகிற அவசரம் என்றால் சிலேட்டில் எழுதலாம்.

குரு அலர்மேலம்மாளுக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் வரதப்பனுக்கு அறுபத்து மூன்று, போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாளின் நான்கு வருடப் பேச்சையெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றியவர் அவர்தான். வேறு பிரதி கிடையாது.

ஒரு ஏகாதசியன்று காலையிலிருந்து மூன்றாவது முறையாக ஓடிவந்தார். முதலில் தலையில் பல்லி விழுந்ததற்கு. அடுத்து, பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் படித்துவிட்டதற்கு. மறுநாள் துவாதசிச் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறைக்குள் கம்ப்யூட்டர் ஊளையிட்டது. “முப்பத்தெட்டு வைரஸ்கள்! அணைக்காதீர்கள்! திரையில் உள்ள எண்ணுக்கு உடனே பேசுங்கள்!”

வரதப்பன் சிலேட்டில் எழுதினார்: “அம்மா, ஒரே ஒரு போன். பேச அனுமதி குடுங்க.”

“யாரோட?” அம்மாளும் எழுதியே கேட்டாள்.

“தெரியாது. அதுலயே நம்பர் போட்டிருக்கு.”

“வைரஸைப் பாத்தீங்களா?”

“அதுவே சொல்லுதேம்மா! நாலு வருஷ உழைப்பு போயிடும்!”

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சிலேட்டைப் பிடுங்கித் துடைத்து எழுதினாள்: “உங்க முதுகுல தேள். அசையாதீங்க. சாவிக்கொத்தைக் குடுங்க.”

வரதப்பன் இடுப்பிலிருந்த கொத்தை மெல்ல உருவி நீட்டினார். ஆசிரமத்துச் சாவி அத்தனையும் அதில்தான். அம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

வேர்த்து விறுவிறுத்து நின்ற மனிதர் கடைசியில் எழுதினார்: “தேள்?”

“எந்தத் தேள்?”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வயசானவனை இப்படியா பயமுறுத்துறது?”

“தேளை எடுக்கச் சாவி எதுக்குன்னு கேட்டீங்களா?”

வரதப்பன் அதை இரண்டு முறை படித்தார். உள்ளே அந்தக் குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. போய் பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி போட்டுப் பார்த்தார். நான்கு வருடமும் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது.

அத்தோடு விட்டாரா? நான்காவது முறையும் வந்து நின்றார்.

“பேசுற நாள்ல இது திரும்ப வந்தா என்னம்மா பண்றது?”

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். சாவிக்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டு எழுதினாள்:

“அன்னைக்கும் ஏகாதசி.”