ஜிப் முதுகுப் பக்கம்

"இதைத் தைச்சவன் எவனோ, அவனுக்குத் தாகமே எடுத்ததில்லையா?"

பெயின்ட் ஆலைப் பெண்கள் இப்படித் திட்டினார்கள் என்று கேட்டதும் வேலாயுதத்துக்குச் சுர்ரென்று ஏறியது. அவர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவன் அவன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. முன்பக்கம் ஒரு ஜிப்.

தைத்ததில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, நேராகத் தனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த மரகதத்திடம் போனான். அவளும் அவன் வயதுக்காரிதான்.

"டீச்சர், உலகமே போடுற உடுப்பு இது. இவங்க என்னடான்னா, இதைப் போட்டுக்கிட்டு ஷிப்ட் முழுக்கத் தண்ணியே குடிக்கிறதில்லையாம். நேத்து ஒரு பொண்ணு மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏறுது. இதோட சரித்திரம் என்ன? சொல்லுங்க, அவங்க வாயை அடைக்கிறேன்."

"சொல்றேன். முதல்ல அதைப் போட்டுக்க. ஜிப் முதுகுப் பக்கம் வரட்டும்."

"திருப்பியா?"

"கேக்க வந்தியா, பேரம் பேச வந்தியா?"

போட்டுக்கொண்டான். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டு, ஒரு சொம்பு மோரை நீட்டினாள்.

"குடி. முதல்ல மிஷினுக்கு அடியில படுத்து வேலை செஞ்சவங்க போட்டாங்க. இடுப்புல கரி புகாது."

"அட!"

"இன்னொரு சொம்பு."

"அரைச் சொம்பு போதும் டீச்சர்."

"முழுசு. அப்புறம் விமானத்துலேருந்து குதிக்கிறவங்க. காத்து உள்ளே போகாது."

"பலே! அப்புறம்?"

"குடி. மேடையில பாடுறவங்க, மினுமினுன்னு. அப்புறம் பொம்பளைங்களுக்கும் எடுப்பா இருக்கேன்னு..."

வேலாயுதம் கால் மாற்றிக் கால் நின்றான்.

"டீச்சர், கொல்லைப் பக்கம் போயிட்டு வந்துடறேன்."

"நல்ல இடத்துல போறியே! பாரிஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?"

"பாரிஸ் எங்கேயும் ஓடிடாது!"

ஓடினான். உள்ளே வாளி உருண்டது.

"டீச்சர்! ஜிப் எட்டலை!"

"கையை மடக்கி மேலேருந்து இழு."

"மொத்தத்தையும் உரிக்கணும் போலிருக்கே! கைப்பகுதியை எங்கே வைக்கிறது? தரையெல்லாம் ஈரம்!"

"பல்லுல கடிச்சுக்க. ஆலையில பொண்ணுங்க அப்படித்தான்."

அதன்பிறகு "ம்ம்... ம்ம்..." என்ற முனகல்தான் வந்தது.

வெகுநேரம் கழித்து வந்தான். உடுப்பின் ஒரு கை நனைந்து தொங்கியது.

"எவன் டீச்சர் இதை முதல்ல தைச்சவன்? என் கையில கிடைச்சான்னா..."

மரகதம் கத்தரிக்கோலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"முதல்ல தைச்சவன் போய்ச் சேந்துட்டான். கடைசியா தைச்சவனைப் பிடி. இடுப்புல திறக்கிற மாதிரி ஒரு வழி வச்சுத் தரச் சொல்லு. இன்னிக்கே."