விலை போடாத அண்டா

பாத்திரக்கடை அருணகிரி கடனில் மூழ்கிப்போனார். ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்த எல்லாரையும் கூப்பிட்டு, கடையை அப்படியே ஒப்படைத்துவிட்டார். பொதுவான ஒருவர் சரக்கை விற்று, வந்ததை அவரவர் கடனுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பது என்று பேச்சு. மடத்து ஆள் பொய் சொல்லமாட்டார் என்று, சாவியைச் செவ்வந்தியப்பரிடம் கொடுத்தார்கள். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர் அவர்.

"சுவாமி, இந்தச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்."

குரு மருதவாண அடிகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏன், கடிக்கிறதா?"

"மனுஷர்கள் கடிக்கிறார்கள். அருணகிரியின் சம்பந்தி, 'நான் சொந்தம், எனக்கு முதலில் கொடும்' என்கிறார். வட்டிக்கடைக்காரர் பத்திரத்தை ஆட்டுகிறார். பால்காரம்மா வேலம்மாள், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அங்கே போட்டவள், 'என் காசு வேற காசு சாமி' என்று வாசலைவிட்டு நகரமாட்டேன் என்கிறாள்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ரூபாய்க்கு நாலணா தேறினால் எல்லாருக்கும் நாலணா. முந்தி இல்லை, பிந்தி இல்லை என்றேன்."

"சரிதானே?"

"நம்பினால்தானே. சரக்கு குறைகிறது என்று என் காதுபடப் பேசுகிறார்கள். நாளைக்கு ஆளுக்கொரு வண்டி கொண்டுவந்து, கைக்கு அகப்பட்டதை அள்ளப்போகிறார்களாம். அப்படி நடந்தால் வேலம்மாளுக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சாது."

"அடுக்களையில் புது அண்டா ஒன்று இருக்கிறதே, யாருடையது?"

செவ்வந்தியப்பர் தொண்டையைச் செருமினார். "நம்முடையதுதான். குருபூஜைப் பாத்திரத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தோமே. அதற்கு ஈடாக..."

"விலை போட்டாயிற்றா?"

"மடத்துக் காசு சுவாமி. அதையும் மற்றதோடு..."

"வேலம்மாள் என்ன சொன்னாள் என்றீர்?"

செவ்வந்தியப்பர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அடிகள் கீரைத்தட்டை நகர்த்தி வைத்தார். அலுப்பில் அவர் குரல் தணிந்திருந்தது.

"கடையில் கொண்டுபோய் வையும்."

"இருட்டினதும் வண்டி சொல்கிறேன்."

"வந்ததும் இருட்டில்தானோ?"

செவ்வந்தியப்பர் தலையாட்டினார்.

"இப்போதே கிளம்பும். தலையில் வைத்து, கடைத்தெரு வழியாக."

செவ்வந்தியப்பர் அண்டாவைத் தூக்கி, தலையில் கவிழ்த்துக்கொண்டார். முகம் முழுக்க உள்ளே போய்விட்டது.

"நிமிர்த்தி வையும்" என்றார் அடிகள்.

நிமிர்த்தினார். வியர்த்தது. "வழியில் யாராவது கேட்டால் என்ன சொல்ல?"

"என்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேளும்."