நிழல் பக்கம்

ஏரிக்கரை மண்டபத்தில் ஒரு சாமி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. சீடர் என்று அவர் யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பூங்காவனம் தானாகவே சேர்ந்துகொண்டவள். அவளுக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஒரு செம்பு கூழ் கொண்டுவருவாள், ஒரு கேள்வி கேட்பாள், பதில் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவாள். சாமிக்கு அது பிடித்திருந்தது.

அவள் புருஷன் துரைக்கண்ணு செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. ஏரிக்குப் பக்கத்தில் அரைக்காணி மேட்டு நிலம், அதில் அவள் தனியாக நட்ட மிளகாய், அவ்வளவுதான் மிச்சம்.

அன்றைக்கு அவள் கூழைக் கீழே வைக்கவில்லை. செம்போடு நின்றாள்.

"சாமி, இன்னிக்கு நேராச் சொல்லணும். சுத்தி வளைக்கக் கூடாது."

"கேளுங்க."

"அவருக்கு எம்மேல பிரியம் இருந்துதா?"

சாமி செம்பைப் பார்த்தார். அவருக்கு நல்ல பசி.

"எதுக்கும்மா இப்போ அந்தக் கேள்வி?"

"கொழுந்தன் பச்சையப்பன் மத்தியானம் வரான். நெலத்த அவங்கிட்ட வுட்டுட்டு என் பொறந்த வூட்டுக்குப் போயிடச் சொல்றான். 'எங்கண்ணன் உன்ன என்னிக்கு மதிச்சாரு, அவர் நெலத்தக் கட்டிகினு அழுவறதுக்கு?'ன்னு கேட்டுட்டான். முப்பது வருசம் ஒண்ணா இருந்தோம். ஒரு நல்ல வார்த்தை அந்த மனுசன் சொன்னதில்ல. பிரியம் இருந்துதுன்னா செத்தாலும் அந்த மண்ண வுட மாட்டேன். இல்லன்னா அது எனக்கு எதுக்கு?"

"மிளகாய் தண்ணி கண்டு எத்தனை நாளாச்சு?"

"நான் இன்னா கேக்கறேன், நீங்க இன்னா கேக்கறீங்க?"

"எத்தனை நாளாச்சு?"

"மழை நின்னு ஒம்போது நாளு. செடியெல்லாம் தலை தொங்கிப் போச்சு. கூடை போட ரெண்டு பேர் வேணும். எதிர்க்கயிறு புடிக்க எனக்கு யாரு இருக்கறா?"

சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்க."

"உங்களுக்குக் கூடை போடத் தெரியுமா?"

"தெரியாது."

மோட்டார் வராத காலம் அது. குட்டையிலிருந்து மேட்டு வயலுக்கு இறைகூடையால்தான் தண்ணீர் ஏற்றுவார்கள். குட்டையின் வாயில் இந்தப் பக்கம் ஒருவர், எதிர்ப்பக்கம் ஒருவர், ஆளுக்கு இரண்டு கயிறு, நடுவில் கூடை. சேர்ந்து குனிந்து, சேர்ந்து நிமிர்ந்து வீச வேண்டும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் தண்ணீர் வயலுக்குப் போகாமல் முகத்துக்கு வரும்.

ஒரு பக்கம் மொட்டை வெயில். எதிர்ப்பக்கம் பூவரசு நிழல். பூங்காவனம் செம்பை வரப்பில் வைத்துவிட்டு, பழக்கத்தில் வெயிலில் போய் நின்றாள். சாமி நிழலில் நின்றார்.

"அதான் அவர் நின்ன எடம்," என்றாள் அவள், கயிற்றை அவர் பக்கம் வீசியபடி. "கல்யாணமாயி ஆறாம் நாளு என்ன இங்க கூட்டியாந்தாரு. வெயில் தாங்காம நான் அந்த நெழலாண்ட போயி நின்னேன். 'அந்தப் பக்கம் போடி!'ன்னு ஒரு கத்து கத்தினாரு பாருங்க. களை வெட்டிகினு இருந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அன்னிக்கு முழுக்க நான் பச்சத்தண்ணி குடிக்கல. அன்னிலேர்ந்து அவருக்கு நெழலு, எனக்கு வெயிலு. இதுல பிரியம் எங்க சாமி இருக்குது?"

கயிற்றைப் பிடிப்பதே சாமிக்குப் பெரும்பாடாக இருந்தது.

முதல் வீச்சில் தண்ணீர் சாமியின் முகத்தில் விழுந்தது. இரண்டாவது வீச்சில் சாமி தண்ணீரில் விழுந்தார். இடுப்புவரை சேற்றோடு எழுந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். நாலாவது வீச்சில் இரண்டு காலும் ஒன்றாக வாரிவிட்டது. மல்லாக்க விழுந்தார். கரைக் கல் அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"அந்தப் பக்கம் போங்க!"

அவள் போட்ட கத்தலில் பூவரசில் இருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. சாமி எழுந்துகொள்வதற்குள் அவள் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, சாமியார் என்றும் பாராமல் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய் வெயில் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இங்க நில்லுங்க. இதான் கெட்டித்தரை. மண்டை ஒடைஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது?"

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் நிழலுக்குப் போனாள். கயிற்றை எடுத்துக் குனிந்தாள். கால் வழுக்கியது.

முப்பது வருஷத்தில் அவள் அங்கே நின்று ஒரு கூடை வீசியதில்லை. எதிரிலிருந்து பார்த்தால் தரை சமமாகத் தெரியும். துரைக்கண்ணு நின்ற நிலையைப் பார்த்தால் கெட்டித்தரை என்றே தோன்றும். ஆனால் அது சரிவு. வெயில் படாத களிமண், வருஷம் முழுக்கப் பாசி. கட்டைவிரலை மண்ணுக்குள் குத்தி, முழங்காலை இறுக்கிக்கொண்டால்தான் நிற்கவே முடியும். மனிதர் அப்படி நின்றுதான் இத்தனை வருஷமும் கூடை வீசியிருக்கிறார்.

அவருடைய கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்துச் செத்துப்போயிருந்தன. வலது முழங்கால் அடிக்கடி வீங்கும். "எங்க போயி முட்டிகினு வந்தீங்களோ" என்று திட்டிக்கொண்டே விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவுவாள். அவள் பாதத்தில் ஒரு வெடிப்பு கிடையாது. கழனி வேலை செய்கிறவள் காலா இது என்று கிணற்றடியில் பெண்கள் கண் வைப்பார்கள்.

பூங்காவனம் கயிற்றைக் கீழே விட்டாள்.

"சாமி, இப்ப நான் உங்கள இன்னான்னு கத்தினேன்?"

"அந்தப் பக்கம் போங்கன்னு."

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று சாமி நினைத்தார். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணீரும் வந்தது. அதைத் துடைக்க அவள் மெனக்கெடவில்லை.

"அடப்பாவி மனுசா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பூவரசைப் பார்த்துக் கேட்டாள். பதிலும் அவளே சொன்னாள். "சொல்லியிருந்தா ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்னு மல்லுக்கு நின்னிருப்பேன். அது தெரிஞ்சுதான் வாயே தொறக்கல."

எழுந்து கட்டைவிரலை மண்ணில் குத்திக்கொண்டாள்.

"புடிங்க சாமி கயித்த. நான் குனியறப்போ குனிங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க."

தண்ணீர் வயலுக்குப் போயிற்று. அடுத்த கூடையும் போயிற்று. பத்துக் கூடைக்கு ஒரு தெய்வத்தின் பேரைக் கூவி எண்ணுவது துரைக்கண்ணுவின் வழக்கம். அவர் எண்ணுவார், அவள் வீசுவாள். இன்றைக்கு அவளே எண்ணினாள். பிள்ளையார், முருகன், மாரியம்மன் என்று தொண்ணூறு வரைக்கும் வந்தாள். நூறாவது கூடைக்கு மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்த ஊரில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். யாராவது கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள். பூங்காவனம் ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

"துரைக்கண்ணு!"

நூற்றுப் பத்துக்கும் துரைக்கண்ணு. நூற்றிருபதுக்கும் துரைக்கண்ணு. அதற்கப்புறம் வேறு பேரே வரவில்லை.

கடைசிப் பாத்தி நிறைந்தபோது உச்சி வெயில். வரப்பில் பச்சையப்பன் வந்து நின்றிருந்தான். அண்ணி இப்படி அண்ணன் பேரைக் கூவுவதைக் கேட்டதில் வந்த வேலை அவனுக்குப் பாதி மறந்துவிட்டது.

"அண்ணி, அந்த நெலத்தப் பத்தி..."

"நெலம் இருக்குது, நானும் இருக்கறேன். உங்கண்ணன் என்ன என்னிக்கு மதிச்சாருன்னு கேட்ட இல்ல? வா தம்பி. இங்க நின்னு பத்துக் கூடை வீசு. அப்புறம் கேளு."

பச்சையப்பன் வீம்புக்கு வந்து நின்றான். மூன்றாவது கூடையில் விழுந்தான். எழுந்து காலடியில் இருந்த பாசியைப் பார்த்தான், வெயிலில் இருந்த எதிர்க்கரையைப் பார்த்தான். அண்ணன் கால் நகத்தை அவனும் பார்த்தவன்தான். வேட்டியைப் பிழிந்துகொண்டு வரப்பேறினான்.

"நாளைக்குக் காலையில வந்துடு," என்று அவள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "கயிறு புடிக்க ஆள் வேணும்."

அவன் திரும்பாமலே தலையாட்டினான்.

சாமிக்கு இப்போதுதான் கூழ் கிடைத்தது. அவர் குடிப்பதைப் பார்த்தபடி அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சேறு, சேற்றுக்கு நடுவில் சிரிப்பு. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒண்ணுதான் சாமி மனச அறுக்குது. முப்பது வருசம் எதிர்லயே நின்னும் அவர்கிட்டேர்ந்து இப்படிப் பிரியம் வெக்க நான் கத்துக்கலியே?"

சாமி செம்பைக் கீழே வைத்தார்.

"கத்துக்கலையா? நான் வழுக்கி விழுந்ததும் என்னை எந்தப் பக்கம் நிக்க வெச்சீங்க?"