இசக்கியோட புருவம் கண்ணாடியில இருக்கு

எங்க ஹாஸ்டல் ரூம்ல நாலு பேரு. அதுல மூணு பேரு அடிமுட்டாளுங்க. மிச்சம் இருக்கிற அந்த ஒரு அறிவாளி நான்தான்னு நான் சொல்லுதேன். மத்த மூணு பேரும் தனித்தனியா அதையேதான் சொல்லுதாளுங்க. நான் சட்டக் கல்லூரியில ரெண்டாம் வருஷம் படிக்கேன். என்கிட்ட வாதாடி எவளும் ஜெயிச்சது கிடையாது. அதனால கணக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

விஷயம் இசக்கியம்மாளோட புருவம். அவளுக்குப் புருவம் கிடையாது. இருக்குன்னு அவ சொல்லுவா. வெயில்ல நிறுத்தி, டார்ச்சும் அடிச்சாத்தான் ரெண்டு முடி தெரியும்.

இன்னும் பன்னெண்டு நாள்ல அவளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. மாப்பிள்ளை பரமசிவன், களக்காட்டுல உரக்கடை. அவரு அனுப்பின போட்டோவுல முதல்ல மீசைதான் தெரியும், அதுக்குப் பின்னாடிதான் ஆளு. அந்த மீசையைப் பாத்த நாள்ல இருந்து இசக்கி சரியா சாப்பிடல. இவ அனுப்பின போட்டோவுல புருவம் பென்சில்ல வரைஞ்சது. நேர்ல வந்து பாத்துட்டு மாப்பிள்ளை எழுந்து போயிட்டா?

"மே மாசம் ஏட்டி. கேசரி குடுக்கதுக்குள்ள வேர்த்து வழிஞ்சு புருவம் கன்னத்துக்கு வந்திரும்"ன்னா இசக்கி.

"அப்ப பார்லர்ல பச்சை குத்துத மாதிரி நிரந்தரமா குத்திக்கோ. சோப்பு போட்டாலும் போகாதாம்"னா ஸ்டெல்லா.

"கோணலாக் குத்திட்டா? ஒண்ணு மேல போயிருச்சுன்னா சாவு வீட்டுக்குப் போனாலும் ஆச்சரியமா பாக்குற மாதிரில்லா இருக்கும்?"

"சாவு வீட்டுக்குப் போகாத."

"சொந்தக்காரங்க செத்தா போகாம இருக்க முடியுமா?"

"அப்ப சொந்தக்காரங்க யாரும் சாகக்கூடாது"ன்னா ஆவுடை. எல்லாரும் யோசிச்சோம். சரியாத்தான் பட்டுது. சாக மாட்டோம்னு அவங்ககிட்ட எழுதி வாங்குற வேலையை நான் எடுத்துக்கிட்டேன். இசக்கியோட பெரியப்பா ஒருத்தரு மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. வயசு எண்பத்தி ரெண்டாச்சு, பொறுப்பு கிடையாது.

சரின்னு பார்லருக்குப் போனோம். ரோஸ்லின் அக்கா நல்லாத்தான் பேசுனாங்க. "எந்த மாதிரி புருவம் வேணும்?"ன்னு கேட்டாங்க.

ஆவுடை தலையில அடிச்சுக்கிட்டா. "அளவு கொண்டு வர மறந்துட்டோமேட்டி!"

ஜாக்கெட் தைக்கக் குடுத்தா பழைய ஜாக்கெட் ஒண்ணு அளவுக்குக் குடுப்போம்லா? புருவத்துக்கு மட்டும் அளவு வேண்டாமா? இது கூடத் தெரியாம போனதுக்கு மூணு பேரையும் பஸ்ஸ்டாப் வரைக்கும் திட்டிட்டே வந்தேன்.

மறுநாள் எங்க மெஸ் மாஸ்டர் சங்கரபாண்டி அண்ணனைக் கூட்டிட்டுப் போனோம். அவரு புருவத்துல சீப்பைக் குத்தினா நிக்கும். அவரைச் சேர்ல உக்கார வச்சிட்டு ஆவுடை சொன்னா, "அக்கா, இதான் அளவு. வெளிய எடுத்துக் குடுத்திராதீங்க, பத்திரமா வச்சிக்கோங்க. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிடுதோம்."

"அப்புறம், உள்ள அரை இஞ்சு விட்டே தைங்க. பிள்ளை பெத்தா முகம் பெருத்துரும், பிரிச்சு விடணும்லா"ன்னு ஸ்டெல்லா சேத்துச் சொன்னா.

அண்ணன் தங்கமான மனுசன். சாயங்காலம் வரைக்கும் அசையாம உக்காந்திருந்தாரு. அன்னைக்கு ஹாஸ்டல்ல சோறு பொங்கல. மாஸ்டர் எங்கன்னு வார்டன் கேட்டதுக்கு, "அளவு கடையில இருக்கு"ன்னு ஆவுடை சொல்லியிருக்கா. அது உண்மைதானே? அதுக்கு என்னத்துக்கு அவங்க அந்தக் கத்து கத்தணும்?

கடைசியில ரோஸ்லின் அக்காவே அண்ணனைக் கொண்டு வந்து விட்டாங்க. கும்பிடு ஒண்ணு போட்டுச் சொன்னாங்க: "ஏம்மா, பயமா இருந்தா அவசரப்படாதீங்க. முதல்ல பென்சில்ல வரைஞ்சு, ஒரு வாரம் தினமும் கண்ணாடியில பாருங்க. பிடிச்சிருந்தா மட்டும் வாங்க. பிடிக்கலைன்னா..." அண்ணன் புருவத்தை ஒரு தடவை பாத்தாங்க. "பிடிச்சிருந்தாலும் யோசிச்சு வாங்க."

ரூமுக்கு வந்து பென்சிலை எடுத்தோம். இசக்கி முகத்தை மூடிக்கிட்டா. "பென்சில் அழியலைன்னா?"

"ஏட்டி, போட்டோவுக்குப் போட்டது அழிஞ்சுதுல்லா?"

"அது அன்னைக்கு. இன்னைக்கு அழியணும்னு சட்டமா இருக்கு?"

சட்டம்னதும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். ஆனா நான் விடல. "ஏளா இசக்கி, நீ எங்க பாக்கப்போற?"

"கண்ணாடியில."

"முகத்தை நீ நேராப் பாப்பியா?"

"எப்படிட்டி பாக்க முடியும்?"

"பாக்கதே கண்ணாடியிலன்னா, முகத்துல எதுக்கு வரையணும்? கண்ணாடியிலயே வரைஞ்சிருவோம்!"

ஆவுடைக்குக் கண்ணு கலங்கிருச்சு. "படிச்சவ படிச்சவதான்"னா.

சுவத்துல மாட்டியிருந்த கண்ணாடியில ரெண்டு புருவம் வரைஞ்சேன். இசக்கி போய் முன்னாடி நின்னா. குள்ளமா இருக்கதால புருவம் ரெண்டும் தலைக்கு மேல காக்கா மாதிரி பறந்துது. கீழ ரெண்டு செங்கல்லு போட்டோம். ஏறுனா. கச்சிதமா உக்காந்துச்சு. அவ மூஞ்சியைப் பாத்து அவளே வெக்கப்பட்டா.

ஒரு வாரம் தினமும் காலையில செங்கல்லு மேல ஏறிப் பாத்தா. சில தொந்தரவு இருந்துச்சு. கொஞ்சம் குனிஞ்சா புருவம் நெத்திக்கு ஏறிரும். "ஏன் அப்படிப் பாக்க?"ன்னு அவளே அவகிட்ட கேப்பா. ஸ்டெல்லா தலை சீவப் போனா அந்தப் புருவம் அவ மூக்குல உக்காந்துக்கிடும். "என் புருவத்தை ஏன் நீ போட்டுக்கிட்ட?"ன்னு இசக்கி சண்டைக்குப் போனா. ஸ்டெல்லா ஒரு வாரம் ஜன்னலைப் பாத்து தலை சீவுனா. மத்தபடி எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு.

புதன்கிழமை ரூம் கூட்டுத அக்கா வந்து, ஈரப் பேப்பரை வச்சு கண்ணாடியைத் துடைச்சிட்டுப் போயிட்டாங்க.

இசக்கி போட்ட அலறல்ல மூணாவது மாடியில இருந்து ஆளுங்க இறங்கி வந்துட்டாங்க. "புருவம் போச்சே! ஞாயித்துக்கிழமை அவரு வந்து பாத்தா நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பேன்?" செங்கல்லு மேலயே உக்காந்து அழுதா.

"இதுக்குத்தான் நிரந்தரமா வேணும்ங்கது"ன்னா ஸ்டெல்லா.

அன்னைக்கே முடிவெடுத்தோம். பயமெல்லாம் போயிருச்சு, இனி குத்திர வேண்டியதுதான். சுவத்துல இருந்து கண்ணாடியைக் கழட்டி, துண்டைச் சுத்தி, ஆட்டோவுல பார்லருக்குக் கொண்டு போனோம். பெட்டுல படுக்க வச்சோம். தலைக்கு ஒரு தலகாணியும் வச்சோம்.

ரோஸ்லின் அக்கா கண்ணாடியைப் பாத்தாங்க. எங்களைப் பாத்தாங்க. "கண்ணாடியில ஊசி இறங்காதும்மா."

"மரத்துப்போற கிரீம் போட்டுட்டுக் குத்துங்க"ன்னா ஆவுடை.

"இறங்காது!"

"ஏன் இறங்காது? முகத்துல ரத்தம் வரும், வலிக்கும், வீங்கும். கண்ணாடிக்கு இதுல எது வரும் சொல்லுங்க? லேசான கேஸை விட்டுட்டுக் கஷ்டமான கேஸ்தான் எடுப்பீங்களோ?"ன்னு நான் கேட்டேன். அக்கா கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, நாங்க உள்ள இருக்கையிலயே. வாதம் இல்லாதவங்க இப்படித்தான்.

பின்வாசல் வழியா வந்து, பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுற கடைக்குப் போனோம். அவரு ஒண்ணுமே கேக்கல. அளவெடுத்தாரு, வெட்டுனாரு, ஒட்டுனாரு. "மழையில நனைஞ்சாலும் மூணு வருஷத்துக்குப் போகாது"ன்னாரு. இசக்கி கையெடுத்துக் கும்பிட்டா.

ஞாயித்துக்கிழமை. இசக்கியோட தாய்மாமா வீட்டுல பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, அவளை ஒரு சேர்ல உக்கார வச்சோம். பக்கத்துச் சேர்ல கண்ணாடி. அதுக்கும் ஒரு முழம் பூ.

வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. மாப்பிள்ளை இறங்குனாரு. மூக்குக்குக் கீழ வழுவழுன்னு, கழுவி வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு.

"ஏட்டி, மீசையைக் காணும்!"னு இசக்கி என் கையைக் கிள்ளுனா.

அவருக்குப் பின்னாடி ரெண்டு பேரு பீரோ கதவு ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. கதவுல கண்ணாடி. கண்ணாடியில மீசை.

அப்புறம் மாப்பிள்ளையோட அம்மா எங்க கண்ணாடியைப் பாத்தாங்க. முகம் மலர்ந்துருச்சு. "போட்டோவுல பாத்த அதே புருவம்!"

இசக்கியும் பீரோ கதவைப் பாத்து மெதுவாச் சிரிச்சா. "அதே மீசை."

நான் அவ்வளவு சீக்கிரம் விடுவேனா? "மீசை பென்சிலா, நிரந்தரமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"பெயிண்டும்மா. லாரிக்கு நம்பர் எழுதுறவரு வரைஞ்சது. உங்களுது ஸ்டிக்கரா? ஓரம் உரியுமே"ன்னாரு மாப்பிள்ளையோட சித்தப்பா.

"உரிஞ்சா வேற ஒட்டுவோம். உங்க பெயிண்ட் வெடிச்சா?"

சண்டை பெருசாகுறதுக்குள்ள தாய்மாமா எழுந்துட்டாரு. "நாம எதுக்கு அடிச்சுக்கிடணும்? வாழப்போறது அவங்க ரெண்டு பேரும். கொஞ்ச நேரம் தனியாப் பேசட்டும்."

நியாயமான பேச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டோம். உள் ரூமுல புருவத்தை இந்தச் சுவருல சாச்சு, மீசையை எதிர்ச் சுவருல சாச்சு, ரெண்டையும் நேருக்கு நேரா வச்சோம். ஃபேனைப் போட்டோம். கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்துட்டோம்.

இசக்கியும் பரமசிவனும் எங்ககூட வெளியதான், வாசப்படியில உக்காந்து கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கால் மணி நேரம் ஆச்சு. இசக்கிக்கு இருப்புக் கொள்ளல.

"உள்ள என்ன பேசிக்கிடுதாங்கன்னு கேளுங்களேன்"னா.

பரமசிவன் பூனை மாதிரி போய்க் கதவுல காதை வச்சாரு. ரொம்ப நேரம் கேட்டாரு. திரும்பி வந்து அவ காதுகிட்ட சொன்னாரு:

"சத்தமே இல்லைங்க. புதுசுல்லா, வெக்கப்படுதாங்க போல."