பாறை உச்சியில ஒரு ஆடுகளம்

ஆலங்காட்டுக் குளத்தங்கரையில மூக்கன்னு ஒரு கீரி இருந்துச்சு. சடுகுடுவுல அதை அடிச்சுக்க ஆளில்ல. ஒரே மூச்சுல பாடிப் போயி, மூணு பேரைத் தொட்டுட்டு, கோட்டுக்குத் திரும்பி வந்து, அப்புறம்தான் மூச்சு விடும்.

போன கோடையில வேடன் வெச்ச கண்ணியில ஒரு பின்னங்கால் போச்சு. புண்ணு ஆறித் திரும்பி வந்து பாத்தா, அதோட இடத்துல ஒரு முயல் ஆடிக்கிட்டு இருந்துச்சு.

"நீ உக்காந்து பாரு மூக்கா! நல்ல நிழலாப் பாத்து உக்காரு!"ன்னாங்க எல்லாரும்.

அன்பாத்தான் சொன்னாங்க. மூக்கன் நாலு ஆட்டம் நிழல்ல உக்காந்து பாத்துச்சு. அஞ்சாவது ஆட்டத்துல அதுக்கு நிழல் மேலயே கோவம் வந்துடுச்சு.

நேரா விளையாட்டுக் கமிட்டிக்குப் போச்சு. கமிட்டின்னா ஏழு குரங்கு. அதுல மூத்த குரங்கு தலைவர்.

"தலைவரே, நான் ஆடணும்."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"கால்தான் போச்சு, மூச்சு இருக்கே! உக்காந்தே ஆடறோம். என்னை மாதிரி இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஒரு இடம் குடுங்க, போதும்."

தலைவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கு எப்பவுமே சீக்கிரம் கலங்கும்.

"இடம் என்ன இடம்! உங்களுக்குன்னு தனி ஆடுகளமே கட்டித் தர்றேன்! காட்டுலயே நல்ல காத்தோட்டமான இடத்துல!"

"கட்டறதுக்கு முன்னாடி நாங்க ஒரு தடவை வந்து…"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? எல்லாம் நாங்க பாத்துக்கறோம்!"

ஒரே மாசத்துல வேலை முடிஞ்சுது. காத்துக்குக் குறைவே இல்ல. மொட்டைப்பாறை உச்சியில கட்டியிருந்தாங்க.

திறப்பு விழா அன்னிக்கு மூக்கன் தன் ஆட்டக்காரங்களோட பாறை அடியில வந்து நின்னுச்சு. பின்னங்கால் ரெண்டும் விளங்காத நரி. றெக்கை ஒடிஞ்ச நாரை. முன்னங்கால் ஒண்ணு இல்லாத ஆமை. பாறை செவுரு மாதிரி நின்னுச்சு.

வரவேற்புக்கு நின்ன குரங்குகிட்ட மூக்கன் கேட்டுச்சு. "மேல போக வழி எதுப்பா?"

"வழியா? அதான் பாறை இருக்கே!" ரெண்டு தாவுல உச்சிக்குப் போயி எட்டிப் பாத்துச்சு குரங்கு. "பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல!"

கமிட்டியில யாரும் கெட்டவங்க இல்ல. அந்தப் பாறை செங்குத்தா இருக்குன்னு ஏழு பேருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அதுக்குள்ள சிறப்பு விருந்தாளி யானையம்மா வந்து சேந்துச்சு. கழுத்துல தாமரை மாலை.

"விழா எங்கப்பா?"

"மேல," ன்னுச்சு நரி.

யானையம்மா பாறையைப் பாத்துச்சு. தன் உடம்பைப் பாத்துச்சு. "அப்ப நானும் உங்க கூடத்தான்,"ன்னு சொல்லிட்டு நின்னுக்கிச்சு.

மேல இருந்து தலைவர் குரல் குடுத்துச்சு. "ஆட்டக்காரங்க வரலாம்! மூணு தடவை கூப்பிடுவோம்! வரலைன்னா இதுல ஊஞ்சல் கட்டிக்குவோம்! அப்புறம் இடம் குடுக்கலைன்னு யாரும் சொல்லக்கூடாது!"

இன்னிக்கு விட்டா இனிமே ஆட்டமே இல்ல. பாறையில நகத்தை ஊணி ஒரு முழம் ஏறுச்சு. சறுக்கிச்சு. திரும்ப ஏறுச்சு. நெஞ்செல்லாம் தேய்ஞ்சு கீழ வந்து விழுந்துச்சு.

"ரெண்டாந்தடவை!"

"மூணாந்தடவை!"

மேல கைதட்டல் கேட்டுச்சு. குரங்குங்க குரங்குங்களுக்கே மாலை போட்டுக்கிட்டாங்க.

"விடு மூக்கா," ன்னுச்சு நரி. "வா, போயி எங்கயாச்சும் நிழலாப் பாத்து உக்காருவோம்."

நிழல்ங்கற வார்த்தையைக் கேட்டதும் மூக்கன் எழுந்துடுச்சு. சுத்திப் பாத்துச்சு. பாறைக்குக் கீழயே இருந்த குளத்துல தண்ணி வத்தி, ஈர மணல் சமமாக் கெடந்துச்சு. நேரா அங்க போயி வாலாலயே ஒரு கோடு இழுத்துச்சு.

"இதான் கோடு! உக்காந்துதான் ஆடணும். எழுந்தா அவுட்!"

ஒரு பக்கம் மூக்கனும் நாரையும். இன்னொரு பக்கம் நரியும் ஆமையும். யானையம்மா நடுவர். மூக்கன் மணல்ல உக்காந்த வாக்குல நகந்து நகந்து பாடிப் போச்சு. நரியைத் தொட்டுச்சு. ஆமையைத் தொட்டுச்சு.

"தொட்டது என் ஓட்டை! என்னை இல்ல!"ன்னு ஆமை கத்துச்சு.

"ஓட்டை நீ வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கணும்!"ன்னுச்சு நாரை.

சண்டை நல்லா சூடு பிடிச்சுது. சத்தம் கேட்டு முயல் வந்துச்சு, மான் வந்துச்சு, காடே வந்துச்சு. மேல கைதட்ட ஆளில்லாம ஏழு குரங்கும் இறங்கி வந்தாங்க.

"ஆடுகளம் மேல இருக்க, இங்க என்ன ஆட்டம்?"ன்னுச்சு தலைவர்.

"ஆட்டக்காரங்க கீழ இருக்காங்களே!"ன்னுச்சு யானையம்மா.

கொஞ்ச நேரம் பாத்த தலைவருக்கு வாலு துடிச்சுது. "நானும் ஆடலாமா?"

"தாராளமா ஆடுங்க! ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு," ன்னு சொல்லி மூக்கன் கொடியால தலைவரோட பின்னங்காலைக் கட்டுச்சு.

தலைவர் பாடிக்கிட்டே கிளம்புச்சு. பழக்கதோஷத்துல ஒரு தாவு தாவிடுச்சு. மூஞ்சி மணல்ல குத்துச்சு. ஆமை நிதானமா வந்து வாலைக் கவ்விக்கிச்சு. மூச்சும் போச்சு, ஆட்டமும் போச்சு.

"இது அநியாயம்! காலைக் கட்டிப் போட்டா எப்படி ஆடறது?"

"பழகிடும் தலைவரே. எங்களுக்கு ஒரு மழைக்காலம் ஆச்சு,"ன்னுச்சு மூக்கன்.

தலைவர் மணலைத் துப்பிட்டு, கட்டுன காலோட உக்காந்தபடியே அண்ணாந்து பாறையைப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு.

"எவ்வளவு செங்குத்தா இருக்கு! யாருய்யா அங்க போயி ஆடுகளம் கட்டினது?"

யானையம்மா லேசா இருமுச்சு.

"நகருங்க தலைவரே, என் முறை,"ன்னு சொல்லிட்டு, மூக்கன் கோட்டுல உக்காந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துச்சு.

யாருக்காகச் செய்யறோமோ அவங்களை ஒரு வார்த்தை கேக்காம செய்யற உதவி, செஞ்சவங்களுக்குத்தான் எட்டும்.