இடுப்பில் மிஞ்சிய கயிறு

கும்பினிக் கொடி தென்கரையில் புதிதாக ஏறியிருந்த காலம். மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய கடற்கரை ஊர். அங்கே கொழும்புக்குத் தோணி ஓட்டிப் பிழைத்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடல் பொங்கினால் இரண்டிரண்டு பேராக ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொள்வார்கள். ஒருவன் தவறி விழுந்தால் மற்றவன் இழுக்க வேண்டும். கயிற்றை மட்டும் எந்த நிலையிலும் அறுக்கக் கூடாது. 'கயிறறுத்தவன்' என்பதைவிடக் கேவலமான வசவு அந்த ஊரில் கிடையாது. கேட்பவர்கள் அந்தக் கயிற்றின்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி அதில்தான் இருக்கிறது.

கித்தேரியின் புருஷன் தொம்மையும் அவள் அண்ணன் கஸ்பாரும் ஒரு பிணை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தொம்மை அதே கேலியைச் சொல்வான்: "ஒம்ம தங்கச்சி கழுத்துல நான் போட்ட முடிச்சவிட இது இறுக்கம் மச்சான். எனக்கு வாச்ச பொஞ்சாதி நீருதான்."

அந்த வருஷம் கொழும்பிலிருந்து பாக்கு ஏற்றி வந்த தோணி, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கடலுக்கடியிலிருந்த பாறையில் ஏறி உடைந்தது. விடிந்தபோது முதலில் பாக்குதான் கரை சேர்ந்தது. நுரையோடு நுரையாக உருண்டு வந்தது. அப்புறம் யாரோ கத்தினார்கள்: "ஒராளு வாரான்."

கித்தேரி ஓடினாள். ஐந்து பேர் போன தோணி அது. ஐந்து வீட்டுப் பெண்களும் ஓடினார்கள். அவள் வாயில் ஒரே வேண்டுதல்: மாதாவே, அவராக இருக்கட்டும்.

மண்ணில் கவிழ்ந்து கிடந்தவன் தலையைத் தூக்கினான். கஸ்பார்.

"நீயா?" என்றாள்.

கூடப்பிறந்தவன் உயிரோடு வந்து கிடக்கிறான். அவள் கேட்டது அந்த ஒரு வார்த்தை. சொன்ன மறுகணமே அதை விழுங்கிவிடத் துடித்தாள். அவன் காதில் அது விழுந்துவிட்டது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாய் கட்டுன பருமல் முறிஞ்சு அவன் கால்ல விழுந்துச்சு. நீந்த ஏலல. கட்டி இழுத்துப் பாத்தேன்." மூச்சு வாங்கினான். பிறகு சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "கயித்த நாந்தான் அறுத்தேன், தங்கச்சி" என்றான்.

யாரும் அவனைத் தொடவில்லை. கித்தேரிதான் தூக்கி நிறுத்தினாள். பின்னால் தண்ணீரில் இழுபட்ட கயிறு காலில் தடுக்காமலிருக்க, அதை அவன் இடுப்பிலேயே சுற்றிவிட்டாள். கூட்டம் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்று, "ஏளா, புருசன அறுத்து உட்டவனுக்குக் கஞ்சி வேற ஊத்துதியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கஸ்பார் கஞ்சியைத் தொடாமலே பிணம்போல உறங்கிவிட்டான்.

கயிற்றைக் கழற்ற உட்கார்ந்தாள் கித்தேரி. இரண்டு சுற்றுப் போட்ட முடிச்சு. அதில் ஒரு சுற்று ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. மற்றது உப்பில் ஊறி இறுகியிருந்தது. அதை எடுப்பதற்குள் அவள் நகம் பிய்ந்தது. அண்ணன் கையைப் பார்த்தாள். அவன் நகங்களும் பிய்ந்திருந்தன. நகக்கண்ணில் தென்னை நார்.

கயிற்றை விரித்தபோதுதான் அவள் கை நின்றது. ஏறக்குறைய முழுக் கயிறும் அங்கே இருந்தது. நுனி கத்தி பட்டு அறுந்த நுனி. கத்தி வைத்திருப்பவன் தன் இடுப்பருகே அறுப்பானா, எட்டாத தூரத்தில் எதிராளியின் இடுப்பருகே போய் அறுப்பானா? இதை அறுத்தவன் தொம்மை.

அப்படியானால் அண்ணன் ஏன் பொய் சொன்னான்? அதுவும் அவளுக்குப் புரிந்தது. போன தபசு நோன்புக் காலத்தில் கிணற்றில் விழுந்து செத்த பெண்ணுக்குக் கோவில் மணி அடிக்கவில்லை. சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். "தன் கையால போனவங்களுக்கு மணி இல்ல" என்று சொல்லிவிட்டார் கோவில் காரியம் பார்க்கும் உபதேசியார். தொம்மை தானே அறுத்துக்கொண்டான் என்று தெரிந்தால் அவனுக்கும் அதே கதிதான்.

வெளியே குரல் கேட்டது: "கயித்த எடுத்துட்டுக் கோவிலுக்கு வரச் சொன்னாவ. பட்டங்கட்டி பாக்கணுமாம்."

பட்டங்கட்டி ஊர்த் தலைவர். கயிறு தெரிந்தவர். பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

கித்தேரி அரிவாள்மணையை எடுத்தாள். இடுப்பைச் சுற்றியிருந்த பகுதியோடு ஒரு சாண் மட்டும் விட்டு மிச்சத்தை நறுக்கி அடுப்பில் போட்டாள். ஈரக் கயிறு புகைந்தது. கஸ்பார் கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"என்ன புகை?"

"ஈர வெறகு" என்றாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

சாயங்காலம் பட்டங்கட்டி அந்தக் கட்டை நுனியைப் புரட்டிப் பார்த்தார். "இடுப்போட ஒட்ட அறுத்திருக்கான். இனி இவங்கூட எவனும் தோணி ஏறக் கூடாது." மற்ற மூவரோடு தொம்மைக்கும் துக்க மணி அடித்தது. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே கஸ்பார் ஊரைவிட்டு மணலோரமாகத் தெற்கே நடந்தான். ஒருமுறை திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொம்மை கயிற்றை அறுத்தான். கஸ்பார் தான் அறுத்ததாகச் சொன்னான். கித்தேரி அந்தப் பொய்க்குத் தக்கபடி கயிற்றை நறுக்கினாள். இந்த மூவரில் யார் செய்தது சரி, யார் செய்தது பிழை?

விடை: தொம்மையைப் பற்றி வழக்கே இல்லை; மச்சான் பிழைக்கட்டும் என்று அறுத்தவன் அவன். கஸ்பாரைப் பொய்யன் என்பவர்கள் அவன் நகத்தைப் பார்க்கவில்லை. கடலில் தான் மட்டும் தப்பிக்க அவன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான். அதைப் பார்த்துத்தான் தொம்மை முந்திக்கொண்டு அறுத்தான். ஆகவே கஸ்பார் சுமந்தது அடுத்தவன் பழியை அல்ல, பாதி தன்னுடையதை. அதில் தப்பில்லை. கயிற்றை நறுக்கியதும் பிழையில்லை. புருஷனுக்கு மணி கிடைத்தது. பிழை 'ஈர வெறகு' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த இடத்தில், "எனக்குத் தெரியும் அண்ணே" என்று அவள் சொல்லியிருக்கலாம். பட்டங்கட்டிக்குத் தெரிந்திருக்காது, மணியும் அடித்திருக்கும், போகிறவன் இதைக் கேட்டுக்கொண்டாவது போயிருப்பான். ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால், 'நீயா' என்று கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெட்கத்துக்குத்தான் அவள் அண்ணனைப் பறிகொடுத்தாள்.