புகைக் குழாய் எந்தப் பக்கம்?

தகராறா? ஏரோப்ளேன் என்னங்கிறதுல தகராறே இல்லைங்க. கடைசியில அதுல மூணு பேருக்கும் ஒரே பேச்சுதான். அந்தப் பழைய ஃபோட்டோ யாருக்குங்கிறதுலதான் வந்துச்சு வினை. லாசர் தலையில அடிச்சுக்கிட்டது அதுக்குத்தான்.

லாசர் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நசீர் பாய் பாலக்கரையில பேட்டரிக் கடை வெச்சிருக்காரு. குணசீலன் பாலிடெக்னிக் வாத்தியார். மூணு பேருக்கும் ஒரே கிறுக்கு. நூறு வருஷத்துக்கு முந்தின ஃபோட்டோவுல ஒரு ஏரோப்ளேன் நின்னா போதும், அது யார் செஞ்சது, என்ன மாடல்னு கண்டுபிடிச்சாகணும். வாலைப் பாப்பாங்க, சக்கரத்தைப் பாப்பாங்க, றெக்கைக்கு நடுவுல எத்தனை கம்பின்னு லென்ஸ் வெச்சு எண்ணுவாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பாய் கடையிலதான் கூட்டம். கண்டுபிடிச்சா என்னங்க கிடைக்கும்னு லாசர் சம்சாரம் ஜெசிந்தா கேட்டுக் கேட்டு ஓஞ்சே போயிட்டாங்க.

வரகனேரி வேதவல்லி அம்மா வீட்டை இடிச்சுக் கட்டுறப்ப பரண்லேர்ந்து ஒரு படம் வந்துச்சு. பொட்டல் மைதானம். நடுவுல ரெண்டடுக்கு றெக்கை வெச்ச ஒரு ப்ளேன். அது மேல ஒரு எழுத்து, ஒரு நம்பர் கிடையாது. முன்னாடி ஒரு வெள்ளைக்காரப் பைலட். ஓரத்துல ஒரு போலீஸ்காரர் அவருக்கு விறைப்பா சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. றெக்கையைத் தொட்டுக்கிட்டு தலைப்பாகை கட்டின ஒரு இளவட்டம்.

"இது எங்க தாத்தான்னு அப்பா கும்பிட்டுக்கிட்டு இருந்தாரு"ன்னாங்க அந்தம்மா. "அத்தைதான் இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. தாத்தாவுக்கு வலது கன்னத்துல பெரிய மருவாம். இந்தாளுக்கு இடது கன்னத்துல இருக்கு பாருங்க. சாடை இருக்குது, ஆனா ஆள் வேற. அன்னிக்கே சாமி ரூமுலேர்ந்து இறக்கிட்டோம். தாத்தாவுக்கு வேற படமே கிடையாது, அதான் வருத்தம். யாரோ எவரோ, இதை நான் வெச்சு என்ன பண்ண? உங்கள்ல யார் இந்த ப்ளேன் பேரைச் சரியாச் சொல்றீங்களோ, அவங்களே எடுத்துக்குங்க. அதுவரைக்கும் பாய் கடையில இருக்கட்டும்."

வேற எங்கயும் வராத படம். லாசருக்கு அன்னிலேர்ந்து சோறு இறங்கல.

மாசியிலயே லாசர் ஒரு பேரைச் சொன்னாரு. ஏதோ ஒரு பிரெஞ்சுக் கம்பெனி, வாய்ல நுழையாத பேரு. நாலஞ்சு ப்ளேன் செஞ்சுட்டு இழுத்து மூடிட்டாங்க. வால், சக்கரம், கம்பி எல்லாம் அச்சு அசலாப் பொருந்துது. இன்ஜினோட புகைக் குழாய் மட்டும் இடிக்குது. புத்தகத்துல வலது பக்கம் போகுது, படத்துல இடது பக்கம். "அப்ப இது இல்ல"ன்னு அவரே அடிச்சுட்டாரு. ஃபிட்டர் புத்தி. குழாய் பக்கம் மாறுனா அவருக்கு அது வேற வண்டி. அதுலேர்ந்து ஆவணி வரைக்கும், உலகத்துலயே இல்லாத ஒரு ப்ளேனை மூணு பேரும் தேடு தேடுன்னு தேடினாங்க.

போன ஞாயித்துக்கிழமை பாய் டீயை உறிஞ்சிக்கிட்டே படத்தைப் பாத்தவரு, கிளாஸைக் கீழ வெச்சாரு.

"ஏண்ணே, வெள்ளைக்கார துரைக்கு ஒரு போலீஸ்காரன் இடது கையால சல்யூட் அடிச்சா, சாயங்காலம் அவனுக்கு வேலை இருக்குமா?"

லாசர் லென்ஸைப் பிடுங்கிப் பாத்தாரு. இடது கைதான். இத்தனை மாசமா கம்பியை எண்ணினாங்களே ஒழிய, நிக்கிற மனுஷங்களை ஒருத்தரும் பாக்கல. பிரிண்ட் போட்ட புண்ணியவான் நெகட்டிவைத் திருப்பி வெச்சுப் போட்டிருக்கான்!

குணசீலன் சட்டுன்னு ஃபோன்ல அதைப் படம் புடிச்சு, இடவலம் மாத்தி, புத்தகத்துக்குப் பக்கத்துல வெச்சாரு. குழாய் வலது பக்கம். மத்ததெல்லாம் ஏற்கெனவே பொருந்தினதுதான். அந்தப் பிரெஞ்சுப் பேரைச் சத்தமா வாசிச்சுட்டு, "படம் எனக்கு"ன்னாரு.

"தம்பி, நான் மாசியிலயே சொன்ன பேரு அது!"ன்னு லாசர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"சொல்லிட்டு இல்லைன்னுட்டீங்களே அண்ணே. வாபஸ் வாங்கின வேட்பாளருக்கு ஓட்டு எண்ணுவாங்களா?"

"யோவ் வாத்தியாரே, அந்த சல்யூட்டை நான் பாக்கலைன்னா நீ எதைய்யா திருப்பியிருப்ப?"ன்னு பாய் எகிறினாரு. "படம் எனக்குத்தான்."

"பாய், கையைச் சொன்னீங்க. ப்ளேன் பேரைச் சொன்னீங்களா?"

டீ ஆறிப்போச்சு. பேட்டரி வாங்க வந்தவர் சத்தத்தைக் கேட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிட்டாரு. லாசருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறி, "குடு இப்படி, குழாயாவது நிஜமா வலதான்னு பாக்குறேன்"னு ஃபோனைப் பிடுங்கினாரு. பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு.

முதல்ல பேரைச் சொன்னவர் லாசர். முடிச்சை அவிழ்த்தவர் பாய். சரியான பேரை உறுதியாச் சொன்னவர் குணசீலன். நீங்க சொல்லுங்க, அந்தப் படம் யாருக்குப் போகணும்?

மூணு பேருக்கும் இல்லைங்க. படத்தைத் திருப்பினா குழாய் மட்டுமா வலது பக்கம் வரும்? றெக்கையைத் தொட்டுக்கிட்டு நிக்கிற இளவட்டத்தோட மருவும்தான் வந்துச்சு. அத்தை சொன்ன அதே வலது கன்னம். வேதவல்லி அம்மா பந்தயத்துல வெச்சது யாரோ எவரோ படத்தை. தாத்தாவை வெக்கல. லாசர் ஃபோனை மேசை மேல வெச்சு, அந்தக் கன்னத்து மேல விரலை வெச்சாரு. பாயும் வாத்தியாரும் குனிஞ்சு பாத்தாங்க. பாய் படத்தை எடுத்து லாசர் பக்கம் நகர்த்தினாரு.

வாசல்ல ஸ்கூட்டர் ஹாரன். "ஏங்க! வர்றீங்களா, இல்ல அந்த ப்ளேன்லயே வந்து சேர்றீங்களா?"ன்னு ஜெசிந்தா கத்தினாங்க.

லாசர் படத்தைப் பேப்பர்ல சுத்திக் கக்கத்துல வெச்சாரு. "வரகனேரி வழியாப் போம்மா"ன்னு சொல்லிக்கிட்டே ஸ்கூட்டர்ல ஏறிட்டாரு.